“கர்த்தர் என் கடனை அடைத்தார்” என்றார் அண்ணன், அடைத்தது நான்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மாவுக்கு, வணக்கம்.

எனக்கு 39 வயது. கோலாலம்பூர் செந்தூலில் அம்மாவோடு இருக்கிறேன். ஒரு தனியார் மருத்துவமனையில் பில் கவுண்டரில் வேலை. இன்னும் திருமணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பது கடிதத்தைப் பாதி படிக்கும்போதே உங்களுக்குப் புரிந்துவிடும்.

தாத்தா ரயில்வே வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவர். அப்பாவும் செந்தூல் ரயில்வே பட்டறையில்தான் வேலை பார்த்தார். மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். அண்ணன் என்னைவிட ஐந்து வயது மூத்தவர். ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனப் போட்டி என்றால் முதல் பரிசு அவருக்குத்தான். அம்மா அந்தக் கோப்பைகளை இன்னும் துடைத்து வைத்திருக்கிறார்.

முதலில் நாலு நம்பர் லாட்டரிதான் எடுத்தார். வாரத்துக்குப் பத்து வெள்ளி, இருபது வெள்ளி. யார்தான் எடுப்பதில்லை என்று நாங்களும் விட்டுவிட்டோம். பிறகு குதிரைப் பந்தயம். அப்புறம் கைப்பேசியில் சூதாட்டம். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து, லோரி ஓடாமல் வீட்டில் முடங்கியபோது அது முற்றிவிட்டது. ராத்திரி முழுக்க அவர் அறைக் கதவின் அடியில் வெளிச்சம் தெரியும். அப்பாவின் சேமநிதிப் பணம் போனது. அம்மாவின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. ஆலோங்கிடம், அதாவது சட்டவிரோத வட்டிக்காரர்களிடம், மூன்று இடத்தில் கடன் வாங்கியிருக்கிறார் என்பது கடைசியில்தான் எங்களுக்குத் தெரிந்தது.

எப்படித் தெரிந்தது என்றால், ஒரு விடியற்காலை எங்கள் கேட்டில் சிவப்புச் சாயம் ஊற்றியிருந்தார்கள். அப்பா ஒரு பழைய பனியனைத் தின்னரில் நனைத்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் எழுந்திருப்பதற்குள் துடைத்துவிட வேண்டும் என்று தேய்த்துக்கொண்டிருந்தார். சாயம் போகவில்லை, பரவத்தான் செய்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. வந்தார்கள். கேட்டைப் பார்த்தார்கள். தேநீரைக்கூடத் தொடாமல் போய்விட்டார்கள்.

அதற்கடுத்த மாதம் அண்ணன் காணாமல் போனார். ஒரு தகவலும் இல்லை. 2021 நவம்பரில் அப்பா பக்கவாதத்தில் இறந்தார். அடக்கத்துக்கும் அண்ணன் வரவில்லை.

ஆலோங்காரர்கள் என் வேலையிடத்துக்கே போன் செய்தார்கள். வேறு வழியில்லாமல் நான் கட்ட ஆரம்பித்தேன். வாரநாளில் மருத்துவமனை, வார இறுதியில் ஒரு கேட்டரிங்காரருக்கு நாசி லெமாக் பொட்டலம் கட்டும் வேலை. கட்டிய ஒவ்வொரு தவணையையும் ஒரு 555 புத்தகத்தில் எழுதி வைத்தேன், மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அந்தச் சின்னப் புத்தகம். நான்கு ஆண்டுகள் ஆயின. மொத்தம் 46,300 வெள்ளி.

போன கிறிஸ்துமஸுக்கு அண்ணன் திரும்பி வந்தார். 2023இலிருந்து ஒரு கிறிஸ்தவ மறுவாழ்வு இல்லத்தில் இருந்தாராம். அங்கேதான் இரட்சிக்கப்பட்டாராம். ஆள் இளைத்து, தலை நரைத்து, வாசலில் நின்றார். அம்மா கால் செருப்புகூடப் போடாமல் ஓடினார். நான் அடுப்பை அணைக்கப் போவதுபோல உள்ளே போய்விட்டேன்.

ஜனவரியில் எங்கள் சபையில் சாட்சி சொன்னார். இருநூறு பேர் இருப்பார்கள். மைக்கைப் பிடித்து அழுதார். “பழையவைகள் ஒழிந்துபோயின, எல்லாம் புதிதாயின” என்றார். “ஆலோங்கு என்னைத் தேடிக்கொண்டிருந்தான். ஆனால் கர்த்தர் என் கடனையெல்லாம் அடைத்தார்!” என்றார். சபை முழுக்க அல்லேலூயா. அம்மா இரண்டு கையையும் தூக்கி ஸ்தோத்திரம் செய்தார். மூன்றாவது வரிசையில் நான். என் கைப்பையில் அந்த 555 புத்தகம். எழுந்து கழிவறைக்குப் போய், சத்தம் வெளியே கேட்கக்கூடாதே என்று குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஆராதனை முடிந்து மீகூனும் தேநீரும் கொடுத்தார்கள். ஓர் ஆண்ட்டி என்னைக் கட்டிப்பிடித்து, “உன் ஜெபம் வீண் போகல பாரு” என்றார்.

இப்போது அண்ணன் செலாயாங் மொத்தச் சந்தையில் மூட்டை இறக்குகிறார், சபைக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் தங்கியிருக்கிறார். அப்பாவின் அறையை அவருக்குக் கொடுக்க வேண்டும் என்கிறார் அம்மா. காய்கறி ஏற்ற ஒரு பழைய வேன் வாங்கப் போகிறாராம், கடனுக்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டுமாம். போதகர் அடுத்த மாதம் வேறொரு சபையில் அண்ணனைச் சாட்சி சொல்ல அழைத்துப் போகிறார். நானும் பக்கத்தில் நின்று, மன்னித்துவிட்டேன் என்று சொன்னால் ‘நிறையப் பேருக்கு ஆசீர்வாதமாக இருக்கும்’ என்கிறார். காணிக்கை எண்ணும் குழுவிலும் அண்ணனைச் சேர்த்திருக்கிறார்கள். போன வாரப் பிரசங்கம் கெட்ட குமாரன் உவமை, சொத்தில் தன் பங்கை வாங்கிப்போய் அழித்துவிட்டுத் திரும்பி வந்த இளைய மகனுக்குத் தகப்பன் விருந்து வைக்கும் கதை. வீட்டுக்குள் வர மறுத்த மூத்த குமாரனைப் பற்றிப் பேசும்போது போதகர் பார்த்தது என்னைத்தான்.

அண்ணன் நடிக்கிறார் என்று சொல்ல மாட்டேன். அம்மாவுக்குச் சர்க்கரைப் புண். வரும்போதெல்லாம் அவரே கழுவி மருந்து போடுகிறார். பட்டன் போன்தான் வைத்திருக்கிறார். ஒருநாள் நான் பஸ்ஸில் இருந்தபோது ஜாலான் ஈப்போவில் அவர் நடந்து போவதைப் பார்த்தேன். முன்னால் ஒரு நம்பர் கடை. அதற்குப் பத்தடி முன்பே நின்றார், ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போனார், கடையைத் தாண்டியதும் மறுபடி இந்தப் பக்கம் வந்தார். நான் பார்த்தது அவருக்குத் தெரியாது.

இருந்தும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ராத்திரி வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றால் இன்னமும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை: ஒருநாள், இவர் மறுபடியும் சூதாடி மாட்டிக்கொள்ள மாட்டாரா, அப்போதாவது எல்லாருக்கும் புரியுமே என்று நினைத்தேன். நினைத்த மறுநிமிடமே பயந்துவிட்டேன். நான் அந்த மூத்த குமாரன்தானா? பாவம் செய்வது இப்போது நானா?

– எம்., செந்தூல்

*

அன்புத் தங்கைக்கு,

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். கான்வென்ட்டில் படித்தேன், வீட்டில் திருநீறு, பள்ளியில் ஜெபம். எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வுக்கு பைபிள் நாலெட்ஜ் பாடம் எடுத்தேன், மார்க் மட்டும் கேட்காதீர்கள். எனவே உங்கள் அண்ணன் இரட்சிக்கப்பட்டாரா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் மனம் திரும்பியவர்களையும், அவர்கள் திரும்பி வந்த வீடுகளில் இருந்தவர்களையும் இந்த அறையில் நிறையப் பார்த்திருக்கிறேன். திரும்பி வந்தவருக்குக் கைதட்டல் கிடைக்கும். வீட்டில் இருந்தவருக்குப் பெரும்பாலும் உபதேசம்தான்.

உங்கள் கடிதத்தில் இரண்டு இடங்களில் நிறுத்தி மறுபடி படித்தேன். ஒன்று, கழிவறைக் குழாய். இன்னொன்று, ஜாலான் ஈப்போவில் ரோட்டைக் கடந்த அந்த மனிதர். இரண்டில் எது உண்மை என்று உங்களை நீங்களே கேட்டுக் கேட்டுக் களைத்துப் போயிருக்கிறீர்கள். இரண்டும் உண்மைதான்.

அண்ணனிலிருந்து தொடங்குகிறேன். நம்பிக்கையால் ஒரு மனிதன் நிஜமாகவே மாற முடியுமா? முடியும். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1901, 1902ஆம் ஆண்டுகளில் எடின்பரோவில் பேசிய உரைகளில், குடியில் மூழ்கிக் கிடந்து ஒரே இரவில் மனம் திரும்பியவர்களின் வாக்குமூலங்களை வரிசையாக எடுத்து ஆராய்ந்தார். அவர் அவற்றைக் கேலி செய்யவில்லை. மாற்றம் எங்கிருந்து வந்தது என்று தோண்டுவதைவிட அது என்ன கனி கொடுக்கிறது என்று பாருங்கள் என்றார். உங்கள் வேதத்திலும் அதுதானே இருக்கிறது? மேடையில் அழுவதைக் கனி என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு பத்தடிக்கு முன்பே ரோட்டைக் கடப்பதை எடுத்துக்கொள்வேன்.

ஆனால் ஒரே இரவில் திரும்பலாமே தவிர, ஒரே இரவில் போய்ச் சேர முடியாது. ஜான் நியூட்டன் என்ற ஆங்கிலேய மாலுமியைப் பற்றிச் சபையில் கேள்விப்பட்டிருப்பீர்கள், பிற்காலத்தில் போதகராகிக் கீர்த்தனைகள் எழுதியவர். 1748இல் கப்பல் புயலில் சிக்கியபோது கடவுளைக் கூப்பிட்டார். அதைத்தான் தன் மனமாற்றத்தின் நாளாகச் சொல்லி வந்தார். அதற்குப் பிறகும் 1754 வரை அடிமைகளை ஏற்றிப்போகும் கப்பல்களில்தான் வேலை பார்த்தார், கேப்டனாகவும் இருந்தார். அதை விட்டதும் உடல்நிலை கெட்டதால்தான். அடிமை வியாபாரத்தை எதிர்த்து அவர் வெளிப்படையாக எழுதியது 1788இல். புயலுக்கும் அந்த எழுத்துக்கும் நடுவே நாற்பது வருஷம். சாட்சி சொல்கிறவர்கள் புயலைச் சொல்வார்கள். அந்த நாற்பது வருஷத்தை யாரும் சொல்வதில்லை.

சூதாட்டத்துக்கும் இது பொருந்தும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேட்டில் சூதாட்டப் பழக்கத்தை மது, போதைப்பொருள் அடிமைத்தனத்தோடு ஒரே பிரிவில் சேர்த்தது. 12 மாதம் அறிகுறி எதுவும் இல்லாமல் இருந்தால் நிலையான தணிவு என்று அதில் கணக்கு. தணிவு என்றுதான் சொல்கிறார்கள், குணம் என்று சொல்வதில்லை. உங்கள் அண்ணன் அந்த 12 மாதத்தைத் தாண்டிவிட்டார், ஆனால் எங்கே தாண்டினார்? கையில் காசு இல்லாத, கைப்பேசி இல்லாத, பக்கத்தில் நம்பர் கடை இல்லாத ஓர் இல்லத்தில். செந்தூலுக்கு வந்த நாளிலிருந்துதான் அவருக்கு நிஜப் பரீட்சை. அதனால் நீங்கள் இன்னும் நம்பவில்லை என்றால் அது விசுவாசக் குறைவு இல்லை. கால அளவு தெரிந்தவரின் நிதானம்.

சரி, இப்போது அந்த வாக்கியம்: “கர்த்தர் என் கடனையெல்லாம் அடைத்தார்.”

உங்கள் அண்ணன் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். சாட்சிக்கென்று ஓர் அமைப்பு இருக்கிறது: குழி, கை, கரை. நடுவில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களுக்கு அதில் இடமில்லை. இன்னொன்றையும் பாருங்கள். இருநூறு பேர் முன்னால் ‘நான் பெரிய பாவி’ என்று சொல்வது எளிது, பதிலுக்கு அல்லேலூயா வரும். ஒரே ஒருத்தியின் முன்னால் உட்கார்ந்து ‘உன் நான்கு வருஷத்தை நான் தின்றுவிட்டேன்’ என்று சொன்னால் பதிலுக்கு அமைதிதான் வரும். அந்த அமைதியைத் தாங்கும் தெம்பு அவருக்கு இன்னும் வரவில்லை. வெட்கம் உள்ளவர்கள் பொதுவாகவே கூட்டத்தைத் தேடுவார்கள், தனிமுகத்தைத் தவிர்ப்பார்கள்.

கான்வென்ட்டில் எங்களுக்குப் பாடம் நடத்திய சிஸ்டர் ஒருவர், இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய வரி வசூலிப்பவன் சகேயுவின் கதையை நடித்தே காட்டுவார், மேஜை மேல் ஏறி நிற்பார். மரத்திலிருந்து இறங்கிய சகேயு சாட்சி ஒன்றும் சொல்லவில்லை, கணக்குச் சொன்னான். ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியது நாலத்தனையாய்த் திருப்பி. யாரும் அவனைக் கேட்கவில்லை, அவனாகச் சொன்னான். ‘இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது’ என்று இயேசு சொன்னது அதற்கப்புறம்தான். பவுல் பிலேமோனுக்கு எழுதிய கடிதமும் அப்படித்தான். பிலேமோனிடமிருந்து ஓடிப்போன அடிமையை அவரிடமே திருப்பி அனுப்பும்போது, பழசை மறந்துவிடு என்று பவுல் எழுதவில்லை. அவன் உனக்குப் பட்ட கடன் இருந்தால் அதை என் கணக்கில் எழுது, நான் கட்டுகிறேன் என்று தன் கைப்பட எழுதிக் கொடுத்தார்.

எனக்குப் புரிந்த மட்டில் கிருபை என்பது யாருமே கட்டாமல் போன கடன் இல்லை. வேறொருவர் கட்டியது. உங்கள் வீட்டில் அந்த வேறொருவர் நீங்கள்தான். கர்த்தர் அடைத்தார் என்றே இருக்கட்டும், நாசி லெமாக் பொட்டலம் கட்டிய கை யாருடையது என்பதையும் சேர்த்துச் சொல்லலாமே. நீங்கள் கேட்பது பழிவாங்கல் இல்லை. விட்டுப்போன ஒரு பெயரை.

அவர் விழட்டும் என்று ஒருநாள் நினைத்தீர்களே, அதுவும் இதேதான். அவர் கெட்டுப்போவதா உங்கள் ஆசை? இல்லை. யாராவது உங்கள் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதுதான். அந்த நினைப்பு வந்ததற்காகப் பயப்படாதீர்கள். இந்த நாற்காலியில் உட்கார்ந்து அதையே சொன்ன மனைவிகள், மகள்கள் எத்தனையோ பேர்.

இப்போது மூத்த குமாரன். உங்கள் போதகர்மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், பிரசங்க மேடையிலிருந்து ஒருவரை மட்டும் பார்ப்பது நல்ல பழக்கம் இல்லை. கதையில் மூத்தவன் முறையிட்டது ஓர் ஆட்டுக்குட்டிக்காக. உங்கள் கணக்கு 46,300 வெள்ளி. அது போகட்டும். இளையவனுக்கு அந்தத் தகப்பன் என்னென்ன கொடுத்தார் என்று பாருங்கள்: வஸ்திரம், மோதிரம், பாதரட்சை, விருந்து. மூத்தவனைத் தேடி வெளியே வந்து, எனக்குள்ளதெல்லாம் உன்னுடையது என்றார். பங்கு ஏற்கெனவே பிரித்தாகிவிட்டது, மிச்சம் இருந்தது மூத்தவனுடையது. கட்டிப்பிடித்து முத்தமிட்டாலும் அந்தக் கணக்கை அவர் மாற்றவில்லை. பாசம் வேறு, பத்திரம் வேறு என்று அந்தத் தகப்பனுக்கே தெரிந்திருந்தது.

அதனால் வேன் கடனுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். தயங்கித் தயங்கிச் சொல்ல வேண்டாம், முடியாது என்று ஒரே தடவையாகச் சொல்லிவிடுங்கள். நம் நாட்டில் 2017இல் திவால் சட்டத்தைத் திருத்தியபோது, சொந்த உபயோகத்துக்கான வாகனக் கடனுக்கு லாபம் எதிர்பாராமல் ஜாமீன் நிற்பவர்களைத் திவாலாக்க முடியாது என்று ஒரு பாதுகாப்பு கொடுத்தார்கள். காய்கறி ஏற்றுகிற வியாபார வேன் அதில் சேராது. அண்ணனுக்கு வங்கிக் கடன், கிரெடிட் கார்டு பாக்கி ஏதாவது இருந்தால், 2006இல் நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தொடங்கிய ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனத்துக்குப் போகச் சொல்லுங்கள், ஆலோசனை இலவசம். அவர்தான் போக வேண்டும், நீங்கள் அவருக்காகப் போகக் கூடாது. அம்மாவின் வீட்டுப் பத்திரமான கிராண்ட்டையும் இப்போதைக்கு யாரும் தொட வேண்டாம்.

காணிக்கை எண்ணும் விஷயம் எனக்கு இதைவிடக் கவலை. அவர் திருடுவார் என்பதற்காகச் சொல்லவில்லை. குடியிலிருந்து மீண்டவரை யாராவது மதுக்கடை கல்லாவில் உட்கார வைப்பார்களா? ரொக்கப் பணத்தைத் தொட்டு எண்ணுவது சூதாடியவரின் மனதில் எதைத் தட்டி எழுப்பும் என்று சபையாருக்குத் தெரிந்திருக்காது, மரியாதை செய்வதாக நினைத்துச் செய்திருப்பார்கள். இதை நீங்கள் போய்ச் சொன்னால் பொறாமை என்பார்கள். அண்ணனே ‘எனக்கு வேண்டாம்’ என்று சொல்ல வேண்டும். ரோட்டைக் கடக்கத் தெரிந்தவருக்கு இதுவும் புரியும்.

மேடையில் போய் நிற்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. மன்னிப்பு உங்களுக்குள் நடக்க வேண்டிய ஒன்று, அது எப்போது நடக்கும் என்று போதகரின் நாட்காட்டியில் தேதி குறிக்க முடியாது. ‘என் பாகத்தை நான் இன்னும் சொல்லத் தயாராக இல்லை, பாஸ்டர்’ என்றால் போதும். அண்ணன் தன் கதையைச் சொல்லட்டும். கேட்டில் ஊற்றிய சாயமும், பெண் பார்க்க வந்தவர்களும், அப்பாவின் அடக்கமும் உங்களுடையவை. உங்களைக் கேட்காமல் அவற்றை மேடையேற்ற வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

அப்பாவின் அறையை இப்போது கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. அம்மாவுக்கு வருத்தமாக இருக்கும். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு வரட்டும், அம்மாவின் புண்ணுக்கு மருந்து போட வரட்டும். ஒரு வருஷம் போகட்டும், பிறகு பார்க்கலாம்.

இனி அந்த 555 புத்தகம். 1935இல் அமெரிக்காவில் குடிப்பழக்கத்திலிருந்து மீள்பவர்களுக்காகத் தொடங்கிய குழுவின் பன்னிரண்டு படிகளைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தொடங்கியவர்கள் ஒரு கிறிஸ்தவ வட்டத்திலிருந்து வந்தவர்கள். அந்தப் படிகளில் எட்டாவது, நாம் யார் யாருக்குத் தீங்கு செய்தோம் என்று பட்டியல் போடுவது. ஒன்பதாவது, அவர்களுக்கு மேலும் காயம் வராத இடத்தில் நேராகப் போய்ச் சரிசெய்வது. உங்கள் அண்ணன் போட வேண்டிய பட்டியலை நீங்கள் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறீர்கள். அதை அவரிடம் காட்டுங்கள்.

வீட்டில் வேண்டாம், அம்மா அழுதுவிடுவார். சபையிலும் வேண்டாம். கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து ஒரு மாமாக் கடை. இரண்டு தே ஓ சொல்லுங்கள். புத்தகத்தை அவர் கையில் கொடுத்து, முதல் பக்கத்திலிருந்து அவரே வாசிக்கட்டும், தேதி, தொகை, யாருக்கு என்று. நீங்கள் எதுவும் பேச வேண்டாம். வாசிக்க நேரமாகும், தே ஓ ஆறிப்போகும், பரவாயில்லை. முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “மாசம் எவ்வளவு தர முடியும்?”

‘கர்த்தரே மன்னித்துவிட்டார், நீ ஏன் இன்னும் கணக்கு வைத்திருக்கிறாய்’ என்று பதில் வந்தால், புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள், பிறகு எனக்கு எழுதுங்கள். அப்படி இல்லாமல் ஒரு தொகையைச் சொன்னால் அது சின்னத் தொகையாக இருந்தாலும் ஒத்துக்கொள்ளுங்கள். மாதம் 200 வெள்ளி என்றால் முழுக் கடனும் தீர 19 வருஷத்துக்கு மேலாகும், கணக்குப் போட்டுப் பார்த்தேன், எனக்கே சிரிப்பு வந்தது. ஆனாலும் ஒவ்வொரு மாதமும் ஒரு குறிப்பிட்ட தேதியில் அவர் கையால் அந்தப் பணம் வரட்டும். அதே புத்தகத்தில் அவரே எழுதட்டும். ஒரு மாதம் தவறினால் ஏன் என்று கேளுங்கள், இரண்டு மாதம் தவறினால் கவனமாக இருங்கள். அவரிடம் எதுவும் துருவாமலே நிலைமை உங்களுக்குத் தெரிந்துகொண்டிருக்கும்.

அப்பாவின் அடக்கத்துக்கு வராததை அந்தப் புத்தகத்தில் எழுத முடியாது. அதற்கு என்னிடமும் வழி இல்லை. கல்லறைக்கு ஒருநாள் இருவரும் போகலாம். போகாமலும் இருக்கலாம்.

உங்கள் உடம்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கு நெஞ்சு அடித்துக்கொள்வதைச் சாதாரணமாக விடாதீர்கள். நான்கு வருஷம் வாசலையே காவல் காத்த உடம்பு, காவல் முடிந்தது என்று அதற்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. பக்கத்து அரசாங்கக் கிளினிக்கில் டாக்டரிடம் இதை அப்படியே சொல்லுங்கள், தேவையென்றால் மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுப்பார். ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் மனத்துயரில் இருப்பவர்களின் பேச்சைக் கேட்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் தொலைபேசி 24 மணி நேரமும் திறந்திருக்கும். இதுவரை வீட்டில் எல்லாருக்கும் சிகிச்சை நடந்தது, உங்களைத் தவிர.

கடைசியாக ஒன்று. ஜாலான் ஈப்போவில் பார்த்ததை அண்ணனிடம் சொல்லுங்கள். அந்தச் சாட்சியை அந்த இருநூறு பேரில் யாரும் சொல்ல முடியாது, பஸ்ஸில் இருந்தது நீங்கள் ஒருவர்தான். ஆனால் 555 புத்தகம் முதலில். இது அப்புறம், அவர் முதல் மாதப் பணத்தைக் கொண்டுவரும் நாளில்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்